வில்லியம் மார்ஷலின் முன்னோரைத் தேட எந்த வழி நல்லது?

ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர் கையில் இருக்கிறது. 1200-ஐ ஒட்டி வாழ்ந்தவர், ஏராளமான நிலம் வைத்திருந்தவர். அவருடைய அப்பா யார், தாத்தா யார், அதற்கும் மேலே யார் என்று தெரிய வேண்டும். தேட உட்காரும் முதல் நாளே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த ஆதாரத்தில் முதலில் கைவைப்பது? இணையத்தில் தயாராகக் கிடைக்கும் வம்ச மரங்களிலா, கேடயத்தில் வரைந்த குலச்சின்னங்களிலா, மடங்களில் எழுதி வைத்த குடும்பக் கதைகளிலா, அச்சான பெரிய தொகுப்புகளிலா, அரசாங்கத்தின் வரி, வழக்குச் சுருள்களிலா, மரபணுச் சோதனையிலா? எதில் தொடங்கினாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு வழியும் வேறு வேறு தாத்தாவைக் காட்டுகிறது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போவதைவிட, நிலத்தைப் பிடித்துக்கொண்டு போவது பல மடங்கு நம்பகமானது. நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்போது மகன் அரசருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கணவன் இறந்தால் மனைவி தன் பங்கைக் கேட்டாள். பங்காளி வழக்குப் போட்டான். ஊர்க்காரர்கள் 12 பேர் வந்து சாட்சி சொன்னார்கள். பொய் சொன்னால் மறுக்க எதிரில் ஒருவர் நின்றார். வம்சப் பெருமைக்காக எழுதிய மரத்தை அப்படி மறுக்க யாரும் இல்லை. வீட்டுமனை வாங்குமுன் தாய்ப்பத்திரம் வரை பார்ப்பதில் நமக்கு இருக்கும் அந்தப் பிடிவாதம்தான் இங்கேயும் தேவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். பெம்ப்ரோக் பிரபு வில்லியம் மார்ஷல். 1219 மே மாதம் இறந்தவர், லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் புதைக்கப்பட்டவர். ஒன்பது வயதில் அரசரான மூன்றாம் ஹென்றியின் சார்பில் 1216 முதல் நாட்டை ஆண்டவர் இவர்தான். இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் புகழ் மட்டும் இல்லை. தந்தை வழி, தாய் வழி, மனைவி வழி மூன்றும் இவரிடத்தில் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

முதலில் இணைய மரங்கள். இவற்றில் மார்ஷலின் அப்பா ஜான், தாத்தா கில்பர்ட் என்பது வரை சரியாகவே இருக்கும். கில்பர்ட்டுக்குக் கிஃபார்ட் என்று ஒரு பட்டப்பெயரும் சொல்வார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னரோடு வந்தவர்களில் கிஃபார்ட் என்ற பெரிய குடும்பம் ஒன்று உண்டு. பின்னாளில் பக்கிங்ஹாம் பிரபுக்கள் ஆனவர்கள். பெயர் ஒத்துப்போகிறதே என்று கில்பர்ட்டை அந்தக் குடும்பத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து நார்மண்டிப் பிரபுக்கள், அப்படியே மேலே. ஆனால் கிஃபார்ட் என்பது அந்தக் காலத்தில் உப்பிய கன்னம் உடையவரைக் கூப்பிட்ட பட்டப்பெயர். கன்னம் உப்பியவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் ஆக முடியுமா? நானும் என் முதல் மரத்தில் இந்த ஒட்டை நம்பி எட்டுத் தலைமுறை எழுதினேன், பிறகு அத்தனையும் அழித்தேன். அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து 1200-க்கு முன்னால் யாரையும் யாரோடும் சேர்ப்பதில்லை. அப்போது குடும்பப்பெயரே உறுதியாக நிலைக்கவில்லை. ஜான் ஓரிடத்தில் கில்பர்ட்டின் மகன், இன்னோரிடத்தில் மார்ஷல். மார்ஷல் என்பதும் அரசரின் குதிரைகளையும் அரண்மனை ஒழுங்கையும் பார்த்துக்கொண்ட பதவியின் பெயர்தான்; பின்னால்தான் குடும்பப்பெயர் ஆனது.

குலச்சின்னம் இன்னும் கவர்ச்சியான வழி. பாதி பொன், பாதி பச்சை, நடுவில் சிவப்புச் சிங்கம். மார்ஷலின் சின்னம் அதுதான். ஒரே சின்னம் ஏந்தியவர்கள் ஒரே தந்தை வழி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நார்ஃபோக் பிரபுக்களான பிகாட் குடும்பமும் பின்னாளில் இதே சின்னத்தை ஏந்தியது. அவர்கள் மார்ஷலின் ஆண் வாரிசுகள் அல்ல. மார்ஷலின் மூத்த மகள் மாட் அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள்; 1246-இல் மார்ஷல் பதவி அவள் வழியாக அவளுடைய மகனுக்குப் போனது; சின்னமும் பின்னால் போனது. அதுபோக, குலச்சின்னம் என்ற பழக்கமே 12-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. கில்பர்ட்டைத் தேடுபவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

சின்னங்களைச் சரிபார்க்க 1530 முதல் 1688 வரை அரசாங்க அலுவலர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் குடும்ப வரிசைகளைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் அச்சாகிக் கிடைக்கின்றன. பதிவு செய்த நாளிலிருந்து மூன்று நான்கு தலைமுறை வரை நம்பலாம். வீட்டுக்காரர் தன் தாத்தாவைத் தெரிந்துதான் சொல்லியிருப்பார். அதற்கு மேல் ஆசைதான் பேசுகிறது. டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம் தங்களை ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தவர் என்று நீண்ட காலம் சொல்லிவந்தது, படித்தவர்களும் நம்பினார்கள். ஜே. ஹெச். ரவுண்ட் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அது போலி என்று காட்டினார். அவரைப் படித்தால் எந்த வம்ச மரத்தையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

மடத்து நூல்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஒரு மடத்தை நிறுவிய குடும்பத்துக்காக அந்த மடத்துத் துறவிகள் ஜெபித்தார்கள், அந்தக் குடும்பத்தாரைத் தங்கள் நிலத்திலேயே புதைத்தார்கள். ஆகவே பெயர், இறந்த நாள், புதைத்த இடம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது பெரிய பலம். ஆனால் நிறுவியவரின் முன்னோர் பெருமைப்படத்தக்கவராக இருக்க வேண்டும் என்ற விருப்பமும் அவர்களுக்கு இருந்தது. மார்ஷலின் தாய் வழி இதற்குச் சரியான பாடம். அவருடைய தாய் சிபில், சாலிஸ்பரி பிரபு பேட்ரிக்கின் சகோதரி. அதாவது பேட்ரிக் மார்ஷலுக்குத் தாய்மாமன். 1168-இல் பிரான்சின் புவாத்துவில் பேட்ரிக் கொல்லப்பட்டபோது இளைஞரான மார்ஷல் கூடவே இருந்தார், காயப்பட்டுச் சிறையும்பட்டார். பேட்ரிக், சிபில் இருவரின் அப்பா வால்டர். அவருக்கு அப்பா எட்வர்ட். வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து 1086-இல் எழுதச் செய்த டூம்ஸ்டே நூலில் நிலத்தோடு இருக்கிறார், வில்ட்ஷைர் மாவட்டத்தின் ஷெரீஃப், அதாவது அரசரின் மாவட்ட அதிகாரி. சரி, அதற்கு மேல்?

பேட்ரிக்கின் பேத்தி ஈலா 1232-இல் லேகாக் மடத்தை நிறுவினார். அந்த மடத்தில் பிற்பாடு எழுதிய நூல், எட்வர்டுக்கு ஓர் அப்பாவைக் கொடுக்கிறது. ரோஸ்மார் பிரபு வால்டர் என்பவராம். வில்லியம் மன்னரே அவருக்குச் சாலிஸ்பரி நிலத்தைக் கொடுத்தாராம். அப்படி ஒரு பிரபு இருந்ததற்கு அந்தக் காலத்து ஆவணம் எதிலும் ஆதாரம் இல்லை. டூம்ஸ்டே நூலோடு வைத்துப் பார்த்தாலே கதை நிற்கவில்லை. ஆனாலும் 17-ஆம் நூற்றாண்டில் மடத்து ஆவணங்களைத் தொகுத்து அச்சிட்டபோது இதுவும் அச்சேறிவிட்டது. இன்றைய இணைய மரங்கள் பலவற்றில் ரோஸ்மார் பிரபு வால்டர் உட்கார்ந்திருப்பது அங்கிருந்துதான். மடத்து நூல் எந்தத் தலைமுறையைத் தன் காலத்தில் பார்த்து எழுதியதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 150 ஆண்டு முந்தைய செய்தி என்றால் நிலத்தில் சோதிக்காமல் விடாதீர்கள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இங்கிலாந்தின் அரசாங்கக் கணக்குகள் வியப்பான அளவு பிழைத்திருக்கின்றன. வரவு செலவை ஆண்டுதோறும் தோல் சுருளில் எழுதினார்கள். குழாய் போலச் சுருட்டி வைத்ததால் பைப் ரோல் என்று பெயர் வந்தது என்பார்கள். பிழைத்தவற்றில் பழையது 1130-ஆம் ஆண்டுச் சுருள். அதில் ஜான் தன் தந்தையின் நிலத்துக்காகவும் பதவிக்காகவும் அரசருக்குப் பணம் செலுத்த வேண்டியவராகப் பதிவாகியிருக்கிறார். ஒரே வரி. ஆனால் எவ்வளவு சொல்கிறது பாருங்கள். 1130-க்குள் அப்பா இறந்துவிட்டார், அப்பாவுக்கும் அதே பதவி இருந்தது, நிலமும் இருந்தது, மகன் வயதுக்கு வந்துவிட்டான். கணக்கர் யாரையும் புகழ எழுதவில்லை, பாக்கியை வசூலிக்க எழுதினார்.

இரண்டாவது ஆவணம் இன்னும் அருமை. 1200 ஏப்ரலில் ஜான் மன்னர் வில்லியம் மார்ஷலுக்குப் பதவியை உறுதிசெய்து பட்டயம் கொடுத்தார். முதலாம் ஹென்றியின் அரசவையில் கில்பர்ட்டும் அவருடைய மகன் ஜானும் இந்தப் பதவி தங்களுக்கே உரியது என்று இரண்டு போட்டியாளர்களுக்கு எதிராக நிலைநாட்டிய செய்தி அதில் இருக்கிறது. ராபர்ட் டி வெனுவா, வில்லியம் ஹேஸ்டிங்ஸ் என்று அந்த இருவரின் பெயரும் இருக்கிறது. பேரன், அப்பா, தாத்தா மூவரையும் ஒரே அதிகார ஆவணம் இணைத்துவிட்டது. மார்ஷலின் வாழ்க்கையை 19,000 வரிகளுக்கு மேல் பிரெஞ்சுக் கவிதையாக அவருடைய மகன் எழுதச் செய்தார். அப்பா ஜானைப் பற்றி அதில் நெஞ்சில் தைக்கும் கதைகள் உண்டு. 1152-இல் சிறுவன் வில்லியமைப் பணயமாகப் பிடித்துத் தூக்கிலிடுவேன் என்று ஸ்டீபன் மன்னர் மிரட்டியபோது, இன்னும் நல்ல பிள்ளைகளைச் செய்யச் சுத்தியலும் பட்டடையும் என்னிடம் இருக்கின்றன என்றாராம் ஜான். குணத்தை அறிய அந்தக் கவிதை வேண்டும். தாத்தாவை அறிய அந்த ஒற்றைப் பட்டயம்தான் உதவியது.

நிலத்தின் முழு வலிமையைப் பார்க்க வேண்டுமானால் மார்ஷலுக்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். அவருக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். மகன்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரபு ஆனார்கள். 1245-க்குள் ஐந்து பேரும் சட்டப்படியான பிள்ளை இல்லாமல் இறந்தார்கள். ஆங்கிலச் சட்டத்தில் மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் வழி இல்லையென்றால் மகள்களுக்குச் சமபங்கு. ஆகவே 1247-இல் மொத்தச் சொத்தையும் ஐந்தாகப் பிரித்தார்கள். அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் நிலத்தில் மாட் வழிக்குக் கார்லோ, இசபெல் வழிக்குக் கில்கென்னி, சிபில் வழிக்குக் கில்டேர், ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபர்ட், ஈவா வழிக்கு டனமேஸ். இந்தச் சிபில் மார்ஷலின் தாய் அல்ல, மகள். அவளுக்கு ஏழு மகள்கள். ஏழு பேருக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கை மீண்டும் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 35-இல் ஒரு பங்கு. ஒரு பேத்தியை விட்டுவிட்டாலும் கணக்கு இடிக்கும், அவளுடைய கணவன் சும்மா இருக்க மாட்டான். ஒரு குடும்பத்தின் பெண்கள் அனைவரையும் திருமண உறவோடு சேர்த்து இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு ஆதாரத்தை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஆண் வாரிசு இல்லாமல் போன குடும்பங்கள்தான் தேடுபவருக்கு அதிகம் எழுதி வைத்திருக்கின்றன. மூத்த மகன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட குடும்பங்களில் தம்பிகளும் தங்கைகளும் காணாமலே போய்விடுவார்கள்.

தங்கைகளை அந்த இடத்திலும் தேட ஒரு வழி உண்டு. பெண்ணோடு சேர்த்துச் சீதனமாக ஒரு கிராமம் போகும். அப்பா வீட்டுக்குச் சொந்தமான கிராமம் திடீரென்று வேறொரு குடும்பத்தின் கையில் இருந்தால், விலைக்கு வாங்கிய ஆவணமும் இல்லையென்றால், நடுவில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சந்தேகப்படலாம். பெயரே எழுதப்படாத எத்தனையோ மனைவிகளை ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

உறவுமுறைச் சொற்களிலும் நிலம்தான் கைகொடுக்கிறது. லத்தீனில் நெபோஸ் என்று எழுதியிருந்தால் பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தவர் மகனாகவும் இருக்கலாம். அவுங்குலுஸ் என்றால் முறைப்படி தாய்மாமன். ஆனால் அக்கால எழுத்தர்கள் பெரியப்பாவையும் சித்தப்பாவையும்கூட அதே சொல்லால் எழுதினார்கள். தமிழில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். மாமனும் சித்தப்பாவும் ஒன்றாகுமா? ஆவணத்தில் சொல் தெளிவாக இல்லாதபோது, அந்த ஆளிடமிருந்து வந்த நிலம் அப்பா வீட்டு நிலமா, அம்மா வீட்டு நிலமா என்று பாருங்கள். பெரும்பாலும் முறை தெரிந்துவிடும்.

இந்த வழியிலும் பள்ளங்கள் உண்டு. 1236-ஐ ஒட்டித் தொடங்கும் இறப்பு விசாரணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும் எஸ்கீட்டர் என்ற அலுவலர் உள்ளூர் ஆட்களைக் கூட்டி, எவ்வளவு நிலம், வாரிசு யார், வயது என்ன என்று கேட்டு எழுதுவார். தங்கச் சுரங்கம் என்றே சொல்வேன். ஆனால் வாரிசுக்கு 21 வயதும் அதற்கு மேலும் என்று எழுதியிருந்தால் அவருக்கு 40 வயதாகவும் இருக்கலாம். வயது வந்துவிட்டது என்பது மட்டும்தான் அதன் பொருள். வயதை நிரூபிக்க வந்த சாட்சிகள், அன்று குதிரையிலிருந்து விழுந்து கால் உடைந்தது, அன்று என் மகனைப் புதைத்தேன் என்று சொன்ன நினைவுகள் வேறு வேறு ஊர்களின் விசாரணைகளில் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகின்றன. 14-ஆம் நூற்றாண்டு முதல் பலர் நிலத்தை நம்பிக்கையானவர்கள் பெயரில் எழுதி வைத்துவிட்டதால், பணக்காரர் ஒருவருக்கு நிலமே இல்லை என்று விசாரணை சொல்லும். நம்மூரில் சொன்னால் பினாமி. வழக்குச் சுருள்களிலும் வாதி தன் முன்னோரை நான்கைந்து தலைமுறை வரிசையாகச் சொல்வார். வழக்குக்குத் தேவையில்லாத சகோதரனை விட்டுவிடுவார். ஆகவே ஓர் ஆவணத்தை வைத்து முடிவு கட்டாமல் இரண்டாவது ஒன்றைத் தேடுவது நல்லது.

மரபணுவைப் பற்றி ஒரு பத்தி போதும். 800 ஆண்டு என்றால் ஏறத்தாழ 25 முதல் 30 தலைமுறை. சாதாரணச் சோதனையில் அவ்வளவு தொலைவு தெரியாது. ஆண் வழி, பெண் வழி தனித்தனியாக அறுபடாமல் இருந்தால் மட்டுமே ஏதாவது சொல்லலாம். 2012-இல் லெஸ்டர் நகரில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையது என்று பெண் வழி மரபணு உறுதிசெய்தது. அதே ஆய்வில், ஆவணங்கள் ஒரே ஆண் வழி என்று சொன்ன குடும்பத்தோடு ஆண் வழி மரபணு ஒத்துப்போகவில்லை. நடுவில் எங்கோ ஒரு தந்தை மாறியிருக்கிறார். மார்ஷலுக்கோ ஐந்து மகன்களோடு ஆண் வழியே முடிந்துவிட்டது.

அப்படியானால் எதில் தொடங்குவது? ஒரே ஒரு வாரம்தான் இருக்கிறது, மூன்று தலைமுறை போதும் என்றால் காக்கெய்ன் என்பவர் தொடங்கி 1910 முதல் 1959 வரை புதிய பதிப்பாக வெளிவந்த முழுமையான பிரபுக்கள் தொகுப்பை (தி கம்ப்ளீட் பியரேஜ்) எடுங்கள். மார்ஷல் அதில் பெம்ப்ரோக் என்ற தலைப்பில் வருவார். ஆனால் மேலே இருக்கும் பத்தியைவிட அடிக்குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள். எந்தச் சுருள், எந்தப் பட்டயம் என்று அங்கேதான் இருக்கும். பட்டம் இல்லாத சாதாரண நிலக்கிழார் என்றால் அந்தத் தொகுப்பு உதவாது. அவருடைய கிராமத்தின் பெயரை எடுத்துக்கொண்டு 1899-இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசைக்குப் போங்கள். எழுதி முடித்த பகுதிகளில் ஒவ்வொரு கிராமமும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று டூம்ஸ்டே காலத்திலிருந்து அதில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வரிசை அது.

மாதக்கணக்கில் உழைக்கத் தயார் என்றால் உங்கள் ஆள் வாழ்ந்த காலம்தான் வழியைத் தீர்மானிக்கும். 1236-க்குப் பின் இறந்தவர் என்றால் இறப்பு விசாரணையில் தொடங்குங்கள். அவற்றின் சுருக்கங்கள் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருக்கின்றன, லத்தீன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. 1190-களிலிருந்து 1236 வரை என்றால் அரசவை வழக்குச் சுருள்களும், 1195 முதல் கருவூலத்தில் மூன்றாம் படி வைத்துக் காத்த நில உடன்பாடுகளும் கிடைக்கும். அதற்கு முன் 1155 வரை பைப் ரோல்கள் ஏறக்குறைய இடைவிடாமல் வருகின்றன. 1166-இல் ஒவ்வொரு பிரபுவும் தனக்குக் கீழே எத்தனை வீரர்களுக்கு நிலம் கொடுத்திருக்கிறேன் என்று அரசருக்கு எழுதிய கடிதங்களும், 1185-இல் அரசரின் பொறுப்பிலிருந்த விதவைகளையும் பிள்ளைகளையும் வயதோடும் ஆடுமாடுகளோடும் எழுதிய சுருளும் தனித்தனிப் புதையல்கள். 1130-க்கும் 1086-க்கும் இடையே மடங்களுக்குக் கொடுத்த பட்டயங்களின் சாட்சிப் பெயர்களைத்தான் நம்ப வேண்டும். அங்கே நடை மெதுவாகிவிடும். 1086-க்கு முன்னால் போக வேண்டுமானால் குடும்பம் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அதையும் மார்ஷல் வீட்டிலேயே பார்க்கலாம். 1189-இல் அவர் மணந்த இசபெல், ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்ட் டி கிளேரின் மகள். அம்மா ஈஃபா லெய்ன்ஸ்டர் அரசரின் மகள். கிளேர் வழியில் ரிச்சர்டின் அப்பா கில்பர்ட், அவருடைய அப்பா இன்னொரு கில்பர்ட், அவருக்கு அப்பா டூம்ஸ்டே நூலில் கிளேர் ஊரோடு நிற்கும் ரிச்சர்ட், அவருக்கு அப்பா நார்மண்டியின் பிரியோன் பிரபு கில்பர்ட், அங்கிருந்து 996-இல் இறந்த நார்மண்டி ஆட்சியாளர் முதலாம் ரிச்சர்ட் வரை போகலாம். மார்ஷலின் பிள்ளைகளுக்கு அம்மா வழியில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வரிசை உண்டு. அதே பிள்ளைகளுக்கு அப்பா வழியில் 1130-க்குள் இறந்த கில்பர்ட்டோடு சுருள் முடிந்துவிடுகிறது. என் மரத்தில் கில்பர்ட்டுக்கு மேலே இருக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் எழுத இன்னும் ஒரு நில ஆவணம் வேண்டும்.